பவுன் எண்பது ரூபாய்

பெரியப்பா இருந்தவரைக்கும் எங்கள் வீட்டுக் கல்யாணப் பந்திகளில் ஒரு தனிக் கச்சேரி நடக்கும். சாம்பார் விழும்போது பவுன் விலையில் ஆரம்பிப்பார். "உங்க பெரியம்மாவுக்குத் தாலி பண்ணினப்போ பவுன் எண்பது ரூபாய்டா." ரசத்துக்கு அரிசி விலை, பாயசத்துக்கு காபி விலை. மோர் வருவதற்குள் டூரிங் டாக்கீஸ் தரை டிக்கெட்டில் கொண்டுவந்து முடித்துவிடுவார். பக்கத்து இலைக்காரர் தலையாட்டுவார், எதிர்வரிசைப் பையன்கள் சிரிப்பை அடக்கிக்கொள்வார்கள்.

பெரியப்பா போய்விட்டார். கச்சேரி நிற்கவில்லை. பழைய விலைப்பட்டியல்கள் படமாக வாட்ஸ்அப்பில் வந்துகொண்டே இருக்கின்றன. வரிசைகூட மாறவில்லை: பவுன், அரிசி, காபி, சினிமா. 1950-களைப் பற்றி நம்மில் பலருக்குத் தெரிந்த பொருளாதாரம் இந்த நாலு வரிதான். இந்த வழக்கத்தை வெறும் கிழட்டுப் புலம்பல் என்று தள்ள எனக்கு மனமில்லை. அது ஞாபகத்தில் வைத்திருக்கிற விஷயங்கள் வேறெங்கும் கிடைக்காதவை. அது மறந்துபோன விஷயங்களும் தற்செயலாக மறந்தவை அல்ல.

நல்லதை முதலில் சொல்லிவிடலாம். அந்தத் தலைமுறைக்கு விலை விரல் நுனியில் இருந்தது. அணாக் கணக்கைப் பாருங்கள். ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 4 காலணா, காலணாவுக்கு 3 தம்பிடி. யுத்தத்தின்போது உலோகத்தை மிச்சம்பிடிக்க 1943-இல் காலணாவின் நடுவிலேயே ஓட்டை போட்டு அடித்தார்கள். அதை அரைஞாண் கயிற்றில் கோத்துக் கட்டிக்கொண்டு திரிந்த கதையைப் பெரியப்பா சொல்லும்போது, எண்பது வயதிலும் கை தானாக இடுப்புக்குப் போகும்.

பிறகு 1957 ஏப்ரல் 1 வந்தது. ரூபாய்க்கு 100 நயா பைசா. நூறைப் பதினாறால் வகுத்தால் ஆறேகால். அந்தக் கால் பைசாவை யார் கொடுப்பது, யார் விடுவது? அரசாங்கம் அட்டவணை அச்சடித்துக் கொடுத்தது. ஓரணாவுக்கு 6, இரண்டணாவுக்கு 12, மூன்றணாவுக்கு 19, நாலணாவுக்கு 25. காலணாவுக்கு 2. கடைசி எண்ணில்தான் விஷயம் இருக்கிறது. அட்டவணைப்படி பார்த்தால், வெற்றிலையைக் காலணா காலணாவாக நாலு தடவை வாங்கினவர் 8 நயா பைசா கொடுக்கவேண்டும். ஒரேயடியாக ஓரணாவுக்கு வாங்கினவருக்கு 6 போதும். பொட்டலம் பொட்டலமாக வாங்கிப் பிழைக்கிறவன் தலையில்தான் தசமக் கணக்கின் சில்லறை விழுந்தது. எங்கள் தெருவில் அந்த வருஷம் பெண்கள் சேர்ந்து ஓரணாவுக்கு வாங்கி, திண்ணையில் வைத்துப் பங்கு போட்டுக்கொண்டார்களாம். எந்தப் புள்ளிவிவர அறிக்கையிலும் இந்தத் திண்ணை இருக்காது. விலைப் பேச்சில்தான் இருக்கிறது.

காலணாவுக்கு காபிப்பொடி, காலணாவுக்கு எண்ணெய் என்பதை நாம் மலிவு என்று கேட்டுக்கொள்கிறோம். கொஞ்சம் நின்று கேட்டால் வேறொன்று கேட்கும். ஒரு வேளைக்கு மேல் வாங்கக் கையில் காசில்லாத வீடுகள் அத்தனை இருந்ததால்தான் அத்தனை சின்ன நாணயம் புழங்கியது.

இனிக் குறைக்கு வருவோம். விலைப் பட்டியலில் சம்பளம் என்ற வரியே கிடையாது. மத்திய அரசின் முதல் சம்பளக் கமிஷன் 1947-இல் கடைநிலை ஊழியருக்குப் பஞ்சப்படியும் சேர்த்து 55 ரூபாய் என்று நிர்ணயித்தது. இரண்டாவது கமிஷன் 1959-இல் அதை 80 ஆக்கியது. பன்னிரண்டு வருஷம் கழித்து, அரசாங்க உத்தியோகம் என்ற அதிர்ஷ்டமும் வாய்த்த ஒருவர், ஒரு மாதம் முழுக்கப் பட்டினி கிடந்தால் ஒரு பவுன் வாங்கலாம். 'எண்பது' என்ற எண் அவர் காதில் எப்படி விழுந்திருக்கும்?

அந்தக் காலத்து சினிமாவுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. 1955-இல் சிவாஜி நடித்த ஒரு படத்தின் பெயரே 'முதல் தேதி'. அதில் என்.எஸ்.கிருஷ்ணனின் பாட்டு, சம்பளம் மாதக் கடைசிவரை எட்டாத கதையைச் சொல்லிச் சிரிக்க வைத்தது. கொட்டகையில் சிரித்தவர்கள் எல்லோரும் இன்று நாம் பொறாமைப்படுகிற அதே விலைவாசியில் வாழ்ந்தவர்கள். பெரியப்பாவுக்கு அந்தப் பாட்டு முழுக்கப் பாடம். பாடிவிட்டு, அதே மூச்சில் அந்தக் காலம்தான் காலம் என்பார்.

அளவைகளின் குழப்பம் ஒன்று உண்டு. அதை விரித்தால் இந்தக் கட்டுரை தாங்காது. படி என்றால் எந்த ஊர்ப் படி? பட்டணம் படி வேறு, சின்னப் படி வேறு. வீசையும் பலமும் போய் கிலோ வந்ததே 1958-க்குப் பிறகுதான், அதுவும் மெல்ல மெல்ல. "படி அரிசி இன்ன விலை" என்று வருகிற வாட்ஸ்அப் படத்தில் ஊர்ப் பெயர் இல்லையென்றால் அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை.

இதைவிடப் பெரிய குறை, பேசுகிறவர் யார் என்பதில் இருக்கிறது. ஒரு பத்திரிகைக் கட்டுரைக்காக ஒரு முறை மன்னார்குடிப் பக்கம் போயிருந்தேன். வாய்க்கால் மதகில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டியிடம், பேச்சை ஆரம்பிக்கிற சாக்கில், "அப்பல்லாம் அரிசி என்ன விலை பாட்டி?" என்று கேட்டுவைத்தேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அரிசிய யாரு தம்பி கடையில வாங்குனா? களத்துல அளந்து போட்டாத்தான் எங்களுக்கு உலை." அவருக்குப் பவுன் விலையும் தெரியவில்லை, காபி விலையும் தெரியவில்லை. தெரிந்தது மரக்கால். கூலி போடும்போது தலைதட்டி அளப்பார்களாம். வாங்கின கடன் நெல்லைத் திருப்பிக் கொடுக்கும்போது அதே மரக்காலில் கோபுரமாகக் குவித்து வாங்கிக்கொள்வார்களாம். ஒரு கையால் தட்டியும், இரண்டு கையால் குவித்தும் காட்டினார். அந்த இரண்டு கையசைவுக்கும் நடுவே இருந்த நெல்தான் அவருடைய விலைவாசி.

தஞ்சை வயல்வெளியில் அன்று பாதி உலகம் இப்படி நெல்லில் கூலி வாங்கிப் பிழைத்தது. 1952-இல் வந்த தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் கூலியை நிர்ணயித்ததும் நெல் அளவில்தான். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டதன் பின்னணியிலும் கூலி நெல்லைக் கொஞ்சம் கூட்டிக் கேட்ட போராட்டம் இருந்தது. பெரியப்பாவின் பட்டியலில் நுழைய இவர்களுக்கு வழியே இல்லை. பழைய விலைகளைச் சொல்ல வேண்டுமானால், கையில் காசு புழங்கியிருக்க வேண்டும். மாதச் சம்பளக்காரர்களும் கடைக்காரர்களும் சொன்ன கணக்கை நாம் ஊர்க் கணக்கு என்று எழுதி வைத்துக்கொண்டோம்.

காலத்தையும் இந்தப் பேச்சு தனக்கு ஏற்றபடி வெட்டிக்கொள்கிறது. 1942-இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் ரங்கூன் அரிசி நின்றது. அடுத்த வருஷம் சென்னையில் ரேஷன் வந்தது. யுத்தம் முடிந்த பிறகும் கட்டுப்பாடு நீடித்து, 1952-இல் ராஜாஜி வந்துதான் எடுத்தார். நடுவில் ஏறக்குறைய பத்து வருஷம் வரிசையிலும் கறுப்புச் சந்தையிலும் கழிந்தது. பெரியப்பாவின் பிள்ளைப்பிராயம் முழுக்க அதுதான், ஆனால் பந்தியில் ஒரு வார்த்தை வராது. 1963 தங்கக் கட்டுப்பாட்டில் 14 காரட்டுக்கு மேல் புது நகை செய்யக்கூடாது என்று ஆனபோது, தொழில் போய் அடுப்பு அணைந்த பொற்கொல்லர் வீடுகளும் பவுன் விலைக் கதையில் இல்லை. 1967-இல் ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்று ஒரு கட்சி வாக்குக் கேட்டு ஆட்சியைப் பிடித்தது. ரூபாய்க்கு ஒரு படி என்பதே பெரிய வாக்குறுதியாக இருந்த நாட்டில் அரிசி மலிவாகக் கிடந்தது என்று எப்படிச் சொல்வது?

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சந்தோஷம் மலிவாக இருந்தது என்று அவர்கள் சொல்வதில் ஏதோ இருக்கிறது. டூரிங் டாக்கீஸில் மணலைக் குவித்து மேடாக்கி உட்கார்ந்தவனுக்கும் நாற்காலிக்காரனுக்கும் ரீல் மாற்றும்போது விளக்கு ஒரே நேரத்தில்தான் எரிந்தது. ஆனால் அதே நாளில் ரேடியோ என்ன விலை என்று யாரும் சொல்வதில்லை, ஏனென்றால் முக்கால்வாசிப் பேர் வாங்கவே இல்லை. வாங்கினாலும் வருஷா வருஷம் தபால் ஆபீசில் பணம் கட்டி லைசென்ஸ் எடுக்க வேண்டும். டீக்கடையிலும் பஞ்சாயத்துப் பூங்காவிலும் நின்று கேட்டார்கள். 1952-க்குப் பிறகு ஆல் இந்தியா ரேடியோ சினிமாப் பாட்டை ஒதுக்கியபோது எல்லோருடைய காதும் இலங்கை வானொலிக்குப் போனது. 1957-இல் விவித் பாரதி வந்துதான் கொஞ்சம் திரும்பியது. பெட்டி ஊருக்கு ஒன்று இருந்ததால் பாட்டு ஊருக்கே பொதுவாக இருந்தது. வாங்க முடியாமை சேர்த்துவைத்த கூட்டத்தை நாம் மலிவு சேர்த்துவைத்த கூட்டம் என்று நினைத்துக்கொள்கிறோம்.

பையன்கள் சிரிக்கிறபோது எனக்குப் பெரியப்பா பக்கம் சாயத் தோன்றுவதும் உண்டு. தங்கத்தை மட்டும் தராசில் வைத்தால் அவர் கட்சிதான் ஜெயிக்கும். 1959-இல் கடைநிலை ஊழியரின் மாதச் சம்பளம் ஏறக்குறைய ஒரு பவுன். ஏழாவது சம்பளக் கமிஷன் 2016-இல் வைத்த குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் 18,000 ரூபாய். இன்றைக்குப் பவுன் அதைப்போல மூன்று மடங்குக்கும் மேலே நிற்கிறது. அகவிலைப்படியைச் சேர்த்தாலும் கிட்ட வராது. தபால் கார்டை எடைக்கல்லாக வைத்தால் பையன்கள் ஜெயிப்பார்கள்: 1957-இல் 5 நயா பைசா, இன்று 50 பைசா, பத்து மடங்கு மட்டும். எழுதத்தான் ஆளில்லை. ஆயுளை வைத்தால் பேச்சே முடிந்தது. 1941–51 பத்தாண்டில் இந்தியரின் சராசரி ஆயுள் சுமார் 32 வருஷம். எண்பது தாண்டிப் பந்தியில் உட்கார்ந்து விலை சொன்ன பெரியப்பா, அந்தக் காலத்துக் கணக்குப்படி அங்கே இருந்திருக்கவே கூடாது.

அவருடைய கடைசிப் பந்திகளில் ஒன்றில், வழக்கம்போல் சாம்பாரோடு பவுன் எண்பது வந்தது. நான் பக்கத்து இலை. "அப்போ உங்க சம்பளம் எவ்வளவு பெரியப்பா?" என்று கேட்டேன். சாதத்தைப் பிசைந்த கை நின்றது.

"பிடித்தம் போக அறுபத்தெட்டு."

"அப்ப தாலிக்கு?"

"உங்க தாத்தா மேலக்காட்ட ஒத்தி வெச்சார்."

"திருப்பிட்டோமா?"

ரசக்காரர் இன்னும் எங்கள் வரிசைக்கே வரவில்லை. பெரியப்பா எதிர்வரிசைப் பையனைப் பார்த்து, "டேய், நாடோடி மன்னன் வந்தப்போ தரை டிக்கெட் என்ன விலை தெரியுமா?" என்றார்.