காட்சிக் கார் ஓடும்போது: ஸ்லாட் கார் மாற்றத்தை ரசிப்பது எப்படி?

சாலையில் ஓட்டிச் செல்வதைவிடக் கண்காட்சி அரங்கில் நிறுத்திப் பார்ப்பதையே முதன்மை நோக்கமாகக் கொண்டு, ஒரு கைவினைஞரின் கற்பனைப்படி ஒற்றைப் பிரதியாக உருவாக்கப்படும் கார் ‘கஸ்டம் ஷோ கார்’ எனப்படும். அமெரிக்காவில், குறிப்பாகத் தென் கலிபோர்னியாவில், 1950களின் பிற்பகுதியிலிருந்து 1960களின் இறுதிவரை இக்கலை உச்சத்தில் இருந்தது. எட் ராத், ஜார்ஜ் பாரிஸ், டீன் ஜெஃப்ரிஸ் முதலியோர் பிற கார்களின் அடிச்சட்டத்தையும் எஞ்சினையும் எடுத்துக்கொண்டு, அவற்றின்மேல் புதிய உடலை ஏற்றினர் அல்லது இருந்த உடலை உருமாற்றினர். ராத் புதிய உடலைப் பிளாஸ்டரில் செதுக்கி, அதன்மேல் ஃபைபர் கிளாஸ் படிய வைத்து வார்த்தெடுத்தார். இவர்களின் பட்டறைகளைப் பற்றி 1963இல் ‘எஸ்குவயர்’ இதழில் எழுதிய டாம் உல்ஃப், அங்கு நடப்பது சிற்பக்கலைக்கு இணையான வடிவ முயற்சி என்பதை இலக்கிய வாசகர்களுக்கு உணர்த்தினார்.

இக்கார்களை நேரில் காண இயலாத சிறுவர்களுக்கு அவற்றைக் கொண்டு சேர்த்தவை பிளாஸ்டிக் மாதிரிப் பெட்டிகள். ராத் 1961இல் முடித்த ‘பீட்னிக் பேண்டிட்’ என்னும் காரை ரெவெல் நிறுவனம் 1963இல் 1/25 அளவில், அதாவது அசலின் இருபத்தைந்தில் ஒரு பங்காக, வெளியிட்டது. ஏஎம்டி, மோனோகிராம் ஆகிய நிறுவனங்களும் பாரிஸ் முதலியோரின் கார்களை இவ்வாறே பெட்டியில் அடைத்து விற்றன. துண்டுகளை ஒட்டி, வண்ணம் பூசி, அலமாரியில் வைப்பதோடு இம்மாதிரிகளின் வேலை முடிந்துவிடும் என்பதால் இவை நிலை மாதிரிகள் எனப்படும். அத்தகைய மாதிரி ஒன்றை மின்சாரத்தால் ஓடும் ஸ்லாட் காராக மாற்றும்போது, பார்ப்பதற்காகவே பிறந்த ஒரு வடிவம் ஓட்டத்தின் விதிகளுக்கு உட்படுகிறது. தோற்றம், ஓட்டம் என்னும் இவ்விரண்டு கோரிக்கைகளும் மோதும் இடங்களைக் கண்டறிந்து, அங்கெல்லாம் மாற்றியவர் எதைக் காத்தார், எதை விட்டுக்கொடுத்தார் என்று பார்ப்பதே இக்கலையை ரசிக்கும் முறை.

ஸ்லாட் கார் இயங்கும் விதத்தை முதலில் அறிந்துகொள்வது அவசியம். ஓடுதளத்தில் ஒவ்வொரு காருக்கும் ஒரு குறுகிய பள்ளமும், அதன் இருபுறமும் மின்சாரம் பாயும் இரண்டு உலோகப் பட்டைகளும் இருக்கும். காரின் முன்பகுதியில், அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ‘கைடு’ என்னும் சிறு தகடு அப்பள்ளத்தில் இறங்கி நிற்க, அதன் இருபக்கமும் பொருத்தப்பட்ட செப்பு இழைப் பின்னல்கள் பட்டைகளை உரசி மின்சாரத்தை மோட்டாருக்குக் கடத்தும். ஓட்டுபவர் கையிலுள்ள விசையால் மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைத்து வேகத்தை மட்டுமே ஆள்கிறார். திசையைப் பள்ளமே தீர்மானிக்கிறது. மாட்டுவண்டியில் மாடு திரும்பிய பக்கம் ஏர்க்கால் திரும்ப, வண்டி அதைப் பின்தொடர்வது போல, கைடு திரும்பும் திசையில் காரின் உடல் இழுபட்டுச் செல்கிறது. பிரிட்டனில் ஃப்ரெட் ஃபிரான்சிஸ் 1957இல் அறிமுகப்படுத்திய ஸ்கேலக்ஸ்ட்ரிக் வழியாக இவ்விளையாட்டு வீடுகளுக்குள் பரவியது. 1960களின் நடுவில் அமெரிக்க நகரங்களில் எட்டுத் தடங்கள் கொண்ட பெரும் ஓடுதளங்களுடன் வாடகைக் கூடங்கள் பெருகின. ஷோ கார்களும் ஸ்லாட் கார்களும் ஒரே பத்தாண்டில், பெரும்பாலும் ஒரே இளைஞர் கூட்டத்தைக் கவர்ந்தவை என்பதால் அவை அன்றே சந்தித்துக்கொண்டன. ஜெஃப்ரிஸ் 1964இல் உருவாக்கிய ‘மேண்டாரே’ காரின் சாயலில் கிளாசிக் என்னும் நிறுவனம் ஸ்லாட் கார் விற்றதும், எந்த அசல் காரையும் பின்பற்றாத கற்பனை உடல்களுடன் ‘திங்கீ’ என்ற ஒரு வகையே தோன்றியதும் அதற்குச் சான்றுகள்.

மாற்றப்பட்ட கார் ஒன்று கண்ணெதிரே இருக்கும்போது, அதை உடனே ஓடவிடாமல், முதலில் நிறுத்திய நிலையில் பக்கவாட்டிலிருந்து பார்க்க வேண்டும். ஷோ காரின் அழகில் பெரும்பகுதி அதன் நிற்கும் தோரணையில் உள்ளது. முன்பக்கம் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது, பின்சக்கரம் உடலுக்குள் எவ்வளவு புதைந்திருக்கிறது, தரைக்கும் உடலுக்கும் இடையே எவ்வளவு வெளி என்னும் மூன்றும் சேர்ந்ததே அத்தோரணை. ஓடும் காருக்கு அடியில் சிறிதளவேனும் இடைவெளி வேண்டும். அந்த இடைவெளியை 1.5 மி.மீ. அளவில் நிறுத்தத் தெரிந்தவரின் காரில் அது அசல் அளவில் நான்கு செ.மீ.க்கும் குறைவாகவே தோன்றும். அது ஷோ காரின் இயல்புக்குப் பொருந்தும். அவசரத்தில் அதை 4 மி.மீ. ஆக்கிவிட்டால், அசலில் 10 செ.மீ. உயர்ந்த வண்டியாகி, அரங்கில் நின்ற காரின் மிடுக்கு மறைந்து சாதாரணக் காராகிவிடும். நல்ல மாற்றத்தையும் தவறிய மாற்றத்தையும் முதல் பார்வையிலேயே பிரித்துக் காட்டுவது இந்த ஓரிரு மில்லிமீட்டரே.

அடுத்து, மோட்டார் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும்; நல்ல மாற்றத்தில் அது எளிதில் அகப்படாது. சாதாரணக் கார் மாதிரியில் எஞ்சின் மூடியின் கீழோ பின்பெட்டியின் கீழோ மோட்டாரை மறைத்துவிடலாம். பீட்னிக் பேண்டிட்டிலோ குரோம் பூசிய ஓல்ட்ஸ்மொபில் எஞ்சின் முன்புறம் திறந்தபடி காட்சிக்கு நிற்கிறது. அதற்குப் பின்னால் பயணி அமரும் அறை, ஒளி ஊடுருவும் ஒரே குமிழிக் கூரையின் கீழ் நான்கு புறமும் தெரிகிறது. ஆகவே மறைக்க எஞ்சியிருக்கும் இடம் இருக்கையின் அடியும் அதன் பின்னுள்ள சிறு பகுதியும்தான். பரவலாகப் பயன்படும் எஃப்சி-130 வகைச் சிறு மோட்டார் ஏறத்தாழ 25 மி.மீ. நீளமும் 20 மி.மீ. அகலமும் 15 மி.மீ. தடிப்பும் கொண்டது. அசல் அளவில் கணக்கிட்டால், ஒரு காரின் இருக்கைக்கு அடியில் 62 செ.மீ. நீளமும் 37 செ.மீ. உயரமும் உள்ள பெட்டியைத் திணிப்பதற்கு இது ஒப்பாகும். இருக்கையைக் குடைந்து, தரையை உயர்த்தி, அப்படி உயர்த்தியது தெரியாதபடி இருக்கையின் மடிப்புகளையும் நிறத்தையும் கொண்டு ஆழம் இருப்பதான தோற்றத்தை உண்டாக்குவதில்தான் மாற்றுபவரின் திறமை முழுமையாக வெளிப்படுகிறது. இக்காரில் ஸ்டியரிங் சக்கரம் கிடையாது. திசை, வேகம், தடை மூன்றையும் ஒரே நெம்புகோலால் ஆளும்படி ராத் அமைத்திருந்தார். அந்த நெம்புகோல் மாற்றத்துக்குப் பிறகும் தன் இடத்தில், தன் உயரத்தில் நிற்கிறதா என்று குமிழியின் வழியே பார்ப்பது, மாற்றியவர் அசலை எவ்வளவு மதித்தார் என்பதை அறிய உதவும்.

குமிழிக் கூரை தனிக் கவனத்துக்கு உரியது. மாதிரிப் பெட்டியில் வரும் குமிழி தடித்த, எளிதில் விரிசல் விடும் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கால் ஆனது. காரின் உச்சியில் அமர்வதால் அதன் எடை வளைவுகளில் காரைக் கவிழ்க்கப் பார்க்கும். இதை உணர்ந்தவர்கள் அசல் குமிழியை அச்சாக வைத்து, சூடாக்கிய மெல்லிய பிளாஸ்டிக் தாளை வெற்றிடத்தால் உறிஞ்சச் செய்து அதன்மேல் படிய வைத்து, மெல்லிய பிரதி ஒன்றைச் செய்துகொள்கிறார்கள். விளிம்பில் வெண்புகை படர்ந்தது போன்ற மங்கல் தெரிந்தால், விரைவில் பிடிக்கும் சயனோஅக்ரிலேட் பசையின் ஆவி கண்ணாடிப் பகுதியைக் கெடுத்திருக்கிறது என்று பொருள். உடலைப் பொறுத்தவரையும் எடையே பிரச்சினை. பந்தய ஸ்லாட் கார்களின் உடல் உட்புறம் வண்ணம் பூசிய, தாள் போன்ற பாலிகார்பனேட் ஓடு. நிலை மாதிரியின் உடலோ அதைவிடப் பலமடங்கு தடித்தது. உட்புறத்தைச் சுரண்டி மெலிதாக்கும் உழைப்பு வெளியே தெரியாது. காரைக் கையில் எடுத்தால் மட்டுமே தெரியும்.

வண்ணத்தை ரசிப்பதிலும் அளவு பற்றிய உணர்வு வேண்டும். வெள்ளி அல்லது பொன் நிற அடிப்பூச்சின்மேல் ஒளி ஊடுருவும் வண்ணத்தைப் படலம் படலமாக ஏற்றுவது ‘கேண்டி’ பூச்சு. நுண்ணிய உலோகத் துகள்களைக் கலந்து பூசுவது ‘மெட்டல்ஃப்ளேக்’. அசல் காருக்கான 0.4 மி.மீ. துகளையே 1/25 மாதிரியில் பூசினால், அது அசலில் ஒரு செ.மீ. அகலத் துகளாகத் தோன்றி, காரைப் பொம்மையாக்கிவிடும். குரோம் துண்டுகளில் ஒட்டும் இடத்தில் மட்டும் பூச்சைச் சுரண்டி எடுத்திருக்க வேண்டும். பூச்சின்மேலேயே ஒட்டியவை முதல் மோதலிலேயே தெறித்துவிடும்.

பிறகு காரைத் திருப்பி அடிப்பகுதியைப் பார்க்க வேண்டும். பலர் இதைத் தவறவிடுகிறார்கள் என்பது வருத்தத்துக்குரியது. பித்தளைத் தகடுகளையும் எஃகுக் கம்பிகளையும் பற்றவைத்து அமைத்த அடிச்சட்டத்தில் ஈயம் திட்டுத் திட்டாக நிற்காமல் இணைப்புக்குள் ஓடிப் பரவியிருப்பதும், அச்சுகள் ஒன்றுக்கொன்று இணையாக நிற்பதும், மின்கம்பிகள் கைடு திரும்புவதைத் தடுக்காதபடி தளர்வாக வளைந்திருப்பதும் தேர்ந்த கைக்கு அடையாளங்கள். கைடு எங்கே பொருத்தப்பட்டிருக்கிறது என்பது இன்னும் முக்கியம். அது எவ்வளவு முன்னே இருக்கிறதோ அவ்வளவு நிதானமாக வளைவில் கார் பள்ளத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் ராத் 1959இல் முடித்த ‘அவுட்லா’ போன்ற மட்கார்டு இல்லாத ரோட்ஸ்டரில் முன் அச்சு வெட்டவெளியில் நிற்பதால், கைடை முன்னே வைத்தால் அது எல்லோர் கண்ணிலும் உறுத்தும். பின்னே தள்ளினால் கார் எளிதில் தடம் விலகும். இங்கே குறையில்லாத தீர்வு இல்லை. அச்சுக்குச் சற்றுப் பின்னே கைடை மறைத்து, வேகத்தில் கொஞ்சம் இழக்கத் துணிபவரே ஷோ காரின் பக்கம் நிற்பவர். இதற்கு மாறாக, ஜார்ஜ் பாரிஸ் 1966இல் லிங்கன் ஃபியூச்சராவிலிருந்து உருவாக்கிய பேட்மொபைல் நீண்ட, மூடிய உடல் கொண்டது என்பதால், மோட்டாருக்கும் கைடுக்கும் அதில் தாராளமாக இடம் கிடைக்கிறது. ஆகவே அதன் மாற்றத்தில் சிறு பிசகையும் பொறுத்துக்கொள்ளத் தேவையில்லை.

இத்தனையும் பார்த்த பிறகே ஓட்டம். முதல் சுற்றை மிக மெதுவாக ஓட்டச் சொல்ல வேண்டும். ஏனெனில் 1/25 அளவுள்ள கார் நொடிக்கு ஒரு மீட்டர் ஓடினாலே அது அசல் அளவில் மணிக்கு 90 கி.மீ. வேகமாகும், நொடிக்கு மூன்று மீட்டர் என்றால் 270 கி.மீ. குமிழிக் கூரையும் குரோம் எஞ்சினும் கொண்ட ஒரு கார் அத்தகைய வேகத்தில் பாய்வது வடிவத்துக்குப் பொருந்தாக் காட்சி. மெதுவான ஓட்டமே இயந்திரத்தின் உண்மையையும் காட்டும்: ஒன்பது பற்கள் கொண்ட சிறுசக்கரம் 27 பற்கள் கொண்ட பெருஞ்சக்கரத்தைத் திருப்பும்போது மோட்டார் மூன்று முறை சுழன்றால் அச்சு ஒரு முறை சுழலும், அந்தப் பற்கள் மிக இறுக்கமாகவோ மிகத் தளர்வாகவோ கடித்தால், கார் துள்ளித் துள்ளிக் கிளம்பும் அல்லது கரகரவென்று ஒலிக்கும். முன்சக்கரங்கள் சுழலாமல் இழுபட்டுச் செல்வது திறந்த முன்பகுதி கொண்ட காரில் மன்னிக்க முடியாத குறை. வளைவில் கைடு திரும்பும்போது முன்சக்கரங்களும் திரும்புமாறு சிலர் இணைத்திருப்பார்கள். அது, கண்டால் நின்று பாராட்ட வேண்டிய வேலை. அடியில் காந்தம் பொருத்தி, எஃகுப் பட்டைகளோடு ஒட்டிக்கொண்டு ஓடும் கார் தடம் விலகாது என்றாலும், அதன் உடல் வளைவில் சிறிதும் சாயாமல், எடையே இல்லாதது போல் தோன்றும். காந்தமின்றி ஓடி, பின்புறம் மெல்ல வெளியே வழுக்கி மீண்டும் நேராகும் காரில்தான் அவ்வடிவத்துக்கு ஓர் எடை உண்டு என்பதைக் கண் நம்புகிறது.

ராத் 1963இல் இரண்டு ஃபோர்டு எஞ்சின்களை அருகருகே வைத்து உருவாக்கிய ‘மிஸ்டீரியன்’ பிற்காலத்தில் பிரிக்கப்பட்டு மறைந்தது. பீட்னிக் பேண்டிட் நெவாடா மாநிலத்தின் ரீனோ நகரில் தேசிய ஆட்டோமொபைல் அருங்காட்சியகத்தில் நிலையாக நிற்கிறது. இவற்றின் வடிவங்கள் அசைவில் எப்படித் தோன்றும் என்பதை இன்றைய பார்வையாளர் எளிதில் காணக்கூடிய இடம், இத்தகைய சிறு மாதிரிகள் சுற்றிவரும் மர ஓடுதளமே. அதனால்தான் மாற்றத்துக்கு எடுக்கும் மாதிரி எது என்பதும் ரசனையின் பகுதியாகிறது. 1960களில் வெளிவந்து இன்றுவரை திறக்கப்படாமல் தப்பிய பெட்டியை அறுத்து மோட்டார் பொருத்துவது ஈடுசெய்ய முடியாத இழப்பு; பாதி உடைந்த பழைய மாதிரியையோ பிற்கால மறுவெளியீட்டையோ எடுத்து ஓட வைப்பதே முறை. மாற்றப்பட்ட காரைப் பார்க்க நேர்பவர்கள் அதன் வேகத்தைக் கேட்பதற்கு முன், அது எந்தப் பெட்டியிலிருந்து வந்தது, அதற்குள் மோட்டார் எங்கே இருக்கிறது என்னும் இரண்டு கேள்விகளைக் கேட்டுப் பார்க்கட்டும். செய்தவர் மனமுவந்து காரைத் திருப்பிக் காட்டுவார்.