பழைய விண்கலம், புது மேனி

1967 அக்டோபர் 20 அன்று அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் 'ஸ்டார் ட்ரெக்' தொடரின் 'தி டூம்ஸ்டே மெஷின்' எபிசோட் ஒளிபரப்பானது. கிரகங்களை உடைத்து விழுங்கிக்கொண்டே வரும் ராட்சத இயந்திரம் ஒன்று. அதனிடம் அடிபட்டுச் செயலற்று மிதக்கும் 'கான்ஸ்டலேஷன்' என்ற விண்கலம். தன் ஆட்கள் அத்தனை பேரையும் பறிகொடுத்துவிட்டு அந்தக் கலத்தில் தனியாக எஞ்சியிருக்கும் தளபதி மேட் டெக்கர். நார்மன் ஸ்பின்ராட் எழுதிய இந்தக் கதையில் டெக்கராக வில்லியம் விண்டம் நடித்தார். தொடரின் 79 எபிசோடுகளில் தலைசிறந்த சிலவற்றுள் இதற்கு இடமுண்டு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பழைய தொடர்களின் விண்வெளிக் காட்சிகளைக் கணினியில் புதிதாகச் செய்து பார்க்கும் ரசிகர்களும் இதைத்தான் திரும்பத் திரும்பத் தேடி வருகிறார்கள்.

ஏன் என்பது படத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். கதாநாயகக் கலமான எண்டர்பிரைஸின் பெரிய மாதிரி உருவம் 11 அடி நீளம். கான்ஸ்டலேஷனுக்கோ கடையில் விற்ற ஏ.எம்.டி. நிறுவனத்தின் பிளாஸ்டிக் மாடலைத்தான் ஒட்டிச் சேதப்படுத்திப் பயன்படுத்தினார்கள். பெட்டியோடு வந்த 1701 என்ற எண்ணை மாற்றி அடுக்கி 1017 ஆக்கினார்கள். இரண்டு கலங்களும் ஒரே வகை என்கிறது கதை. கண்ணோ ஒன்றைக் கலமாகவும் மற்றொன்றைப் பொம்மையாகவும் பார்க்கிறது. அந்த ராட்சத இயந்திரத்தின் அளவும் ஷாட்டுக்கு ஷாட் மாறிக்கொண்டே இருக்கிறது.

இது யாருடைய அலட்சியமும் அல்ல. வாரம் ஒரு எபிசோட் கொடுத்தாக வேண்டிய வேகத்தில், நீலத்திரைக்கு முன்னால் மாதிரியைப் படமெடுத்து, ஆப்டிகல் பிரின்டரில் நட்சத்திரப் பின்னணியோடு சேர்த்துப் பிரதி எடுத்தார்கள். பிரதிக்குப் பிரதி படத்தில் புள்ளி கூடும், துல்லியம் குறையும். அன்றைய சிறிய டிவியில் அது உறுத்தவில்லை. பிற்பாடு 35 எம்.எம். நெகட்டிவை ஹெச்.டி.யில் ஸ்கேன் செய்தபோது நடிகர்களின் முகம் பளிச்சென்று வந்தது. அடுத்த ஷாட்டில் விண்கலம் மட்டும் மங்கிப்போய் வந்தது. ரசிகர்களின் கை பரபரத்தது இந்த இடைவெளியைப் பார்த்துத்தான்.

தொடரை வைத்திருந்த சி.பி.எஸ். 2006-ல் தானே புதிய கணினிக் காட்சிகளோடு எபிசோடுகளை வெளியிடத் தொடங்கியது. அதற்கு முன்பே, ஹாலிவுட்டில் காட்சிக் கலைஞராக இருந்த டேரன் டாக்டர்மேன் இதே 'டூம்ஸ்டே மெஷின்' காட்சிகளைத் தன் சொந்த ஆர்வத்தில் புதிதாகச் செய்து காட்டியிருந்தார். தொழில்முறைக் கலைஞர் ஒருவர் ரசிகராக இறங்கிச் செய்த வேலை அது. இந்தத் துறையில் ரசிகரையும் தொழில்காரரையும் பிரிக்கும் கோடு அவ்வளவு மெல்லியது.

இந்த ரசிக முயற்சிகளில் உள்ள பெரிய நன்மை அழகு அல்ல, வாசிப்பு. நல்ல ரசிகக் கலைஞர் வேலையில் இறங்கும் முன் வசனத்தை வரி வரியாகக் கேட்கிறார். கான்ஸ்டலேஷன் எந்தப் பக்கம் அடிபட்டது, அந்த இயந்திரத்தின் வாய் எப்போது எந்தக் கலத்தின் பக்கம் திரும்பியிருக்கிறது, எண்டர்பிரைஸ் எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று மனதுக்குள் ஒரு வரைபடம் போடுகிறார். மூலத்தில் கையிருப்பு ஷாட்களை வைத்துச் சமாளித்த இடங்களில் அந்த வரைபடம் கலைந்து கிடந்தது. அது ஒழுங்கானதும் டெக்கரின் பயத்துக்கு ஓர் அளவு கிடைக்கிறது. கலத்தைவிட இயந்திரம் எத்தனை மடங்கு பெரியது என்று கண்ணுக்குத் தெரிந்தால்தான் அந்த மனிதன் ஏன் உடைந்துபோனான் என்பது நெஞ்சில் ஏறும். இதைத் திறனாய்வின் ஒரு வடிவம் என்றே சொல்வேன்.

ஆனால் இந்த வேலைக்கு ஒரு கடிவாளம் உண்டு. படத்தொகுப்பும் இசையும் 1967-லேயே முடிந்துவிட்டன. உச்சக்காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். வெடிக்க ஏற்பாடு செய்த கான்ஸ்டலேஷனில் எண்டர்பிரைஸின் கேப்டன் கிர்க் தனியாக நிற்கிறார். பொத்தானை அழுத்தினால் 30 விநாடிதான் அவகாசம். அவரை எண்டர்பிரைஸுக்கு இடம்மாற்றி மீட்க வேண்டிய டிரான்ஸ்போர்ட்டர் கருவி மக்கர் செய்கிறது. கிர்க்கின் முகம், எண்டர்பிரைஸின் கட்டளைத் தளம், குழாய்க்குள் புகுந்து பழுதைச் சரிபார்க்கும் பொறியாளர் ஸ்காட்டி, வாய்க்குள் நுழையும் கலம் என்று ஷாட்கள் மாறி மாறி வர, சால் கேப்ளனின் இசை அவற்றை நெருக்கித் தள்ளிக்கொண்டே போகிறது. வெளிக்காட்சிக்கு இங்கே கிடைப்பது சில விநாடிதான். அதற்குள் புது ஷாட் அடங்கியாக வேண்டும். ஒரு விநாடி நீட்டினால் அது நடிகரின் முகத்திலிருந்துதான் பிடுங்கப்படும். இசையும் ஒட்டாமல் போகும். இந்தக் கணக்குக்குக் கட்டுப்பட்ட ரசிக வேலைகள் இன்றும் நிற்கின்றன. கட்டுப்படாதவை எவ்வளவு பளபளத்தாலும் தனித் துண்டுகளாகவே கழன்று விழுகின்றன. ஒரு புதிய காட்சியை மதிப்பிட நான் முதலில் பார்ப்பது கலத்தின் மேற்பரப்பு நுணுக்கத்தை அல்ல. அது முடிந்து நடிகரின் முகம் வரும் அந்த வெட்டைத்தான்.

ரசிக வேலைகளின் குறை தொடங்குவது காமிராவில். மூலத்தில் எண்டர்பிரைஸ் மாதிரியின் வலப்பக்கத்தைத்தான் முழுமையாக முடித்திருந்தார்கள்; விளக்குகளுக்கான மின்கம்பிகள் இடப்பக்கத்திலிருந்து வெளியே வந்தன. அதனால் சில கோணங்கள் மட்டுமே சாத்தியமாயின. ஆடாமல் அசையாமல் நிற்கும் காமிரா, அதன் முன்னால் நிதானமாகக் கடந்துபோகும் கலம். இந்த நிர்ப்பந்தமே தொடருக்கு ஒரு கம்பீரத்தைக் கொடுத்தது. கணினியில் இந்தத் தடை எதுவும் இல்லை. காமிரா கலத்தின் அடிவயிற்றில் நுழைந்து, இயந்திரக் கூண்டைச் சுற்றி, ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டுப் பறக்கும். பல ரசிகர்கள் அந்தப் பறத்தலுக்கு மயங்கிவிடுகிறார்கள். அடுத்த ஷாட்டில் காமிரா மறுபடி ஸ்டூடியோ தரையில் நின்று, இரண்டு பேர் பேசுவதை நேராகப் பார்க்கிறது. ஒரே படத்தை இரண்டு வெவ்வேறு ஆட்கள் பார்த்துக்கொண்டிருப்பது போல் ஆகிவிடுகிறது.

இதைவிட ஆழமான சிக்கல் இன்னொன்று. அந்தத் தொடரின் உள் அரங்குகள் ஒட்டுப்பலகையும் வண்ண விளக்கும் சேர்ந்து உருவானவை. சுவரில் ஊதா வெளிச்சம் விழும். பாறை அசல் பாறை போல இருக்காது. நடிப்பிலும் மேடையின் வீச்சு உண்டு. வெளியே தெரிந்த கலமும் அதே உலகத்தைச் சேர்ந்ததாக இருந்ததால் எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தியது. வெளிக்கலத்தை மட்டும் நிஜம்போல் ஆக்கிவிட்டால் பொய் அங்கிருந்து நகர்ந்து கட்டளைத் தளத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. நேற்றுவரை கண்ணில் படாத ஒட்டுப்பலகை இன்று கண்ணில் படுகிறது. விண்டமின் உணர்ச்சிப் பெருக்கு, அதற்கேற்ற சூழலை இழந்து மிகையாகத் தெரியத் தொடங்குகிறது. ஆகவே புதுக் கலத்தில் கொஞ்சம் மாதிரித்தன்மையை, அந்த ஒளியின் கடினத்தையும் பிலிமின் புள்ளியையும், வேண்டுமென்றே விட்டுவைப்பவர்களே கெட்டிக்காரர்கள்.

பிரிட்டனின் 'டாக்டர் ஹூ' தொடரில், எதுவரை மாற்றலாம் என்ற கேள்வி இன்னும் கூர்மையானது. 1972-ல் வந்த 'டே ஆஃப் தி டாலெக்ஸ்' கதையின் இறுதிப் போருக்குப் பி.பி.சி.யிடம் இருந்தவை, உலோகக் கூட்டுக்குள் வாழும் பகைவர்களான டாலெக்குகளின் மூன்றே மூன்று உருவங்கள். 2011-ல் வந்த டிவிடியில் மூலத்தோடு கூடவே ஒரு சிறப்புப் பதிப்பும் இருந்தது. தொடரின் மேல் தீராத பற்றுக்கொண்டவர்கள் செய்தது அது. புதிதாகப் படமெடுத்த துண்டுகளைச் சேர்த்துப் போரைப் பெரிதாக்கினார்கள். அதுவரை எனக்குச் சம்மதமே. ஆனால் அதோடு நிற்கவில்லை. டாலெக்குகளின் குரலையும் மாற்றி, குரல் நடிகர் நிக்கலஸ் பிரிக்ஸைப் பேசவைத்தார்கள். பழைய குரல் தட்டையானது, வேகம் குறைந்தது என்பது நெடுநாள் குறை. பிரிக்ஸின் குரலில் மிரட்டல் கூடியது என்பதும் உண்மை. இருந்தாலும் குரல் என்பது நடிப்பு. ஒரு நடிகரின் வேலையை எடுத்துவிட்டு இன்னொருவருடையதை வைப்பதும், மங்கிய கலத்தைத் துலக்குவதும் ஒன்றல்ல. மூல வடிவத்தையும் அதே வெளியீட்டில் கொடுத்தார்களே, அதுதான் அந்த முயற்சியைக் காப்பாற்றியது. ஸ்டார் ட்ரெக்கின் ப்ளூ-ரேயிலும் பழைய காட்சியையோ புதியதையோ பார்ப்பவரே தேர்ந்துகொள்ளலாம். இந்தத் தேர்வைத் தராத எந்தப் புதுப்பித்தலையும், அது ரசிகருடையதானாலும் நிறுவனத்துடையதானாலும், என்னால் ஏற்க முடியாது.

'பாபிலோன் 5' விஷயம் வேறு. 1990-களில் வந்த அந்தத் தொடரின் விண்வெளிக் காட்சிகளே கணினியில் பிறந்தவை. அமிகா கணினியும் லைட்வேவ் மென்பொருளும் வைத்துத் தொடங்கியவை. நடிகர்களை அகலத்திரைக்கு ஏற்பப் படமெடுத்தார்கள். கணினிக் காட்சிகளையோ அன்றைய டிவியின் 4:3 அளவிலேயே, குறைந்த துல்லியத்தில் செய்து முடித்தார்கள். மூலக் கோப்புகள் பிறகு தொலைந்தன. அகலத்திரை டிவிடிக்காக அந்தக் காட்சிகளை மேலும் கீழும் வெட்டிப் பெரிதாக்கியபோது எல்லாம் குழம்பிப்போனது. ஆகவே இங்கே ரசிகர்கள் அதே கலங்களை மறுபடி உருவாக்கி, அதே கோணத்தில், அதே அசைவோடு, கூடுதல் துல்லியத்தில் எடுக்க முயல்கிறார்கள். புதிய கற்பனை எதையும் திணிக்க வேண்டிய அவசியமே இல்லை. ரசிக உழைப்புக்கு இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரிந்து இல்லை. செயற்கை நுண்ணறிவை வைத்துப் படத்தை வெறுமனே பெரிதாக்குவதை இதோடு சேர்க்கக் கூடாது. அது இல்லாத நுணுக்கத்தை ஊகித்து வரைகிறது. தூரத்தில் நிற்கும் முகங்களை மெழுகாக்கிவிடுகிறது.

கடைசியாக ஒரு குறை, திருத்தக்கூடியது. பதிப்புரிமை ரசிகர்களிடம் இல்லாததால் பெரும்பாலான ரசிக வேலைகள் துண்டுகளாகவே உலவுகின்றன. அவற்றில் பழையதையும் புதியதையும் அக்கம்பக்கத்தில் வைத்துக் காட்டி, பழையதைக் கேலிப்பொருளாக்குவது வழக்கமாகிவிட்டது. அந்தப் பிளாஸ்டிக் மாடலை ஒட்டி, எரித்து, விளக்குப் போட்டு, பிரின்டரில் ஃப்ரேம் ஃப்ரேமாகச் சேர்த்தவர்களின் பெயர் அங்கே வருவதே இல்லை. முழு எபிசோடாகத் தொகுக்கும்போதோ, காட்சியைப் புதிதாகச் செய்தவர் பெயர் இல்லாமல், 1967-ன் பெயர்ப்பட்டியல் மட்டும் அப்படியே ஓடுகிறது. திரையில் இல்லாத வேலைக்குப் பெயர் இருக்கிறது, இருக்கும் வேலைக்குப் பெயர் இல்லை. இரண்டு பெயர்களையும், எந்த ஷாட் யாருடையது என்பதோடு, எழுதி வைக்க அரை நிமிடம் போதும்.