மதிப்பெண்ணில் அடங்காத முகம்

தொலைவில் உள்ளவரை அருகில் இருப்பவராகவே உணரவைக்கும் காணொளிக் கருவிகள் இன்று பெருகிவருகின்றன. கூகுள் நிறுவனம் 2021-இல் ‘ஸ்டார்லைன்’ என அறிவித்து, 2025-இல் ‘பீம்’ எனப் பெயர் மாற்றிய கருவி அவற்றுள் ஒன்று. சிறப்புக் கண்ணாடி எதுவும் அணியாமலே, பேசுபவரை முப்பரிமாண உருவில் அது எதிரே அமர்த்துகிறது. இத்தகைய கருவிகளின் தரத்தை அளக்கும் முறையே இங்கு நம் ஆய்வுக்குரியது.

பயன்படுத்துவோரை அமரவைத்து, தாம் கண்டதற்கு 1 முதல் 5 வரை மதிப்பெண் இடச் சொல்வது நெடுநாளைய வழக்கம். அவற்றின் சராசரியே தரம் எனப்படுகிறது. ‘அவர் உடனிருந்ததுபோல் உணர்ந்தீர்களா?’ என்ற வினாவும் பின்னர்ச் சேர்ந்தது.

இம்முயற்சியை இகழ்வதற்கில்லை. குரல் சென்றடையும் தாமதம் 150 மில்லி வினாடிக்குள் இருப்பது நன்று என்கிறது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம். தாமதம் மிகுந்தால் இருவரும் ஒருசேரப் பேசத் தொடங்கி, ஒருசேர நிறுத்திவிடுகின்றனர். கேமரா திரைக்கு மேலே இருப்பதால் கண்ணோடு கண் நோக்குவதும் இயல்வதில்லை. இக்குறைகளை உணர்த்தியவை அளவீடுகளே.

ஆயினும் அவை தொடாத ஒன்று உண்டு. 2020-இல், பெருந்தொற்றுக் காலத்தில், எம் பங்கில் ஒரு தாயின் அடக்கச் சடங்கை வெளிநாட்டில் இருந்த மகன் கைப்பேசியில் கண்டார். பின்னர் அவர் ஊர் வந்தபோது, “படம் தெளிவாகத் தெரிந்ததா?” என்று கேட்டேன். “நன்றாகத் தெரிந்தது சாமி. ஒரு பிடி மண் போடத்தான் கை எட்டவில்லை” என்றார். மதிப்பெண் கேட்டிருந்தால் 5 கொடுத்திருப்பார். எட்டாத அந்தக் கை எந்த எண்ணில் அடங்கும்?

கண்டவரின் உணர்வை அளப்பது வேறு. சந்திப்பை அளப்பது வேறு. சந்திப்பு இருவருக்கும் உரியது. அதில் கொடுப்பதும் பெறுவதும் உண்டு. தாளும் மையும் போதா என்று நேரில் வர விழைந்தார் புனித யோவான். இணையத்தில் அருளடையாளங்கள் இல்லை எனத் திருப்பீடத்தின் சமூகத் தொடர்பு மன்றம் 2002-இல் தெளிவுறுத்தியதும் இங்கு எண்ணத்தக்கது.

எனினும், நோயுற்றுக் கிடந்த புனித கிளாரா ஆலய வழிபாட்டைத் தம் அறையிலிருந்தே கண்டதாக மரபு கூறுகிறது. திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1958-இல் அவரைத் தொலைக்காட்சியின் பாதுகாவலராக அறிவித்தார். வர இயலாதவருக்குக் காட்சி ஓர் அருள். வர இயன்றவருக்கோ அது சாக்காகிவிடலாம்.

ஆகவே ஆய்வாளரின் வினாத்தாளில் மேலும் ஒரு வினா வேண்டும்: ‘இவரை நேரில் சென்று காணும் விருப்பம் உங்களுக்குக் கூடிற்றா, குறைந்ததா?’ அதற்கு விடை சொல்லவேண்டியது கருவியன்று, நாம்.