'ஆரவ்' என்னும் ஆண்பாற் பெயர்: சொற்பிறப்பும் கருதிய பொருளும்

பெயர்ச்சொற்களை இடுகுறி, காரணம் எனப் பகுப்பது நன்னூல் மரபு. இக்கால மக்கட்பெயர்களுள் சில இவ்விரண்டிற்கும் இடையே நிற்கின்றன. பெற்றோர் காரணம் கருதியே இடுகின்றனர்; அக்காரணமோ சொல்லில் இல்லை. அண்மைக் காலத்தில் வட இந்தியாவில் பெருவழக்குப் பெற்றுத் தமிழ்க் குடும்பங்களிலும் புகுந்துள்ள 'ஆரவ்' இத்தகையது. இந்தி நடிகர் அக்ஷய் குமார் 2002-இல் பிறந்த தம் மகனுக்கு இட்ட பெயரும், 2017-இல் 'பிக் பாஸ்' தமிழ் நிகழ்ச்சியின் முதற் பருவத்தில் வென்றவர் பெயரும் இதுவே.

பெயர்க் கையேடுகள் இதற்கு 'அமைதியானவன்' எனப் பொருள் கூறுகின்றன. வடமொழிச் சொற்பிறப்பு இதற்கு இடந்தரவில்லை. ஒலித்தலைக் குறிக்கும் 'ரு' என்னும் வினையடியினின்று 'ரவ' என்பதும், 'ஆ' என்னும் முன்னொட்டுப் பெற்று 'ஆரவ' என்பதும் தோன்றும். மோனியர் வில்லியம்சின் அகராதி (1899) கூக்குரல், அலறல், பேரொலி ஆகிய பொருள்களையே தருகிறது. இராவணன் என்னும் பெயருக்கு உத்தரகாண்டம் கூறும் காரணமும் இவ்வடியைச் சார்ந்ததே.

எதிர்ப்பொருள் தோன்றியது எவ்வாறு? எதிர்மறை 'அ' சேர்ந்த 'அரவ' என்பது 'ஒலியற்ற' எனப் பொருள்படும். உரோமன் எழுத்தில் குறில் நெடில் வேறுபாடு பலகால் மறைவதால் இரண்டும் மயங்கின எனக் கருத இடமுண்டு. சான்று காட்டாத கையேடுகள் அம்மயக்கத்தை நிலைபெறச் செய்கின்றன.

இப்பெயர் தமிழுக்கு வந்த வழியை அதன் வடிவமே காட்டுகிறது. அகர ஈற்று வடசொற்கள் தமிழில் ஆண்பாற் பெயராகுங்கால் 'அன்' ஈறு பெறுதல் பெரும்பான்மை. 'ராம' என்பது இராமன் ஆயிற்று. இந்தியிலோ ஈற்றகரம் ஒலிப்பில் கெடும். 'ஆரவன்' என்னாது 'ஆரவ்' என வழங்குவதால் இஃது இந்தி வழி வந்தமை தெளிவு. வகர மெய்யீற்றுச் சொற்கள் அவ், இவ், உவ், தெவ் என நான்கே எனத் தொல்காப்பியம் வரையறுக்கும். இப்பெயர் அவ்வரம்பிற்கு அப்பாற்பட்டது.

தில்லியின் கரோல் பாக் போன்ற பகுதிகளில் வாழும் தமிழர்க்கு இவ்வடிவம் ஏற்புடையதாதல் வியப்பன்று. அங்கு ஒரு பெயர் தெருவில் இந்தியாகவும், பதிவேட்டில் உரோமன் எழுத்தாகவும், வீட்டில் தமிழாகவும் வழங்கவேண்டும். 'ஆரவ்' மூன்றிலும் பெரிதும் சிதைவதில்லை. ஆனால், பள்ளியில் வடமொழி பயிலும் சிறுவன் தன் பெயருக்கு அகராதியில் 'அலறல்' எனக் காண நேரும். 'ஆரவாரம்' என்னும் சொல்லை அறிந்த பாட்டனார் அதற்கு முன்பே ஐயுறுவார்.

பெற்றோர் கருதிய பொருளைப் பிழையெனத் தள்ளுதலும் பொருந்தாது. பெயரிடும் செயலில் அக்கருத்து மெய்யானதே. குறை கையேட்டு முறையில் உள்ளது. சொற்பிறப்பு, இடுவோர் கருதும் பொருள், வந்த வழி ஆகிய மூன்றையும் கையேடுகள் வேறுபடுத்தித் தருதல் வேண்டும். மொழிபெயர்ப்பாளர்க்கும் இவ்வேறுபாடு இன்றியமையாதது. புனைகதையில் ஒரு தாய் தன் மகன் பெயரை அமைதியோடு இணைத்துப் பேசுவாளாயின், அகராதியைக் கொண்டு அவளைத் திருத்துதல் மொழிபெயர்ப்பாளர் பணியன்று. அவள் கருதியதே அங்குப் பொருள்.