கூடப் பாடுவது யார்? - ரே சார்ல்ஸின் ஜோடிப் பாட்டுகளை முன்வைத்து

ஒரு கறுப்புக் குரலும் ஒரு வெள்ளைக் குரலும் சேர்ந்து பாடிவிட்டால் போதும், 'இசைக்கு நிறமில்லை' என்று ஒரு வரி எழுதிவிட்டு விமர்சகர்கள் வேலையை முடித்துக்கொள்கிறார்கள். கேட்க நல்லாத்தான் இருக்கு. நிறமே இல்லாத இசைக்கு எதற்காக இரண்டு விற்பனைப் பட்டியல், இரண்டு மேடை, இரண்டு விதமான கணக்கு வழக்கு என்று கேட்டால்தான் பதில் வராது.

1972இல் பம்பாயில் தலித் பேந்தர்ஸ் உருவானபோது அமெரிக்கக் கறுப்புச் சிறுத்தைகளிடமிருந்து பெயரை எடுத்துக்கொண்டது. கறுப்பர்களின் கவிதையும் தன்வரலாறும் நமக்கு மொழிபெயர்ப்பில் வந்திருக்கின்றன. அவர்களுடைய பாட்டு அந்த அளவுக்கு வந்து சேரவில்லை. அதனால்தான் ரே சார்ல்ஸ் என்ற கண் தெரியாத கறுப்புப் பாடகர், வயதான காலத்தில் மற்றவர்களோடு ஜோடி சேர்ந்து பாடிய கன்ட்ரி, ப்ளூஸ் பாட்டுகளைப் பற்றி இங்கே எழுத வேண்டியிருக்கிறது. 1984இல் வந்த 'ஃப்ரெண்ட்ஷிப்', 2004இல் வந்த 'ஜீனியஸ் லவ்ஸ் கம்பெனி' இரண்டும் முக்கியம். இவற்றைக் கேட்கும் முன் கொஞ்சம் பின்னால் போகணும்.

ப்ளூஸ் கறுப்பர் பாட்டு, கன்ட்ரி வெள்ளைக்காரர் பாட்டு என்பது பொதுப்புத்தி. இது எங்கிருந்து வந்தது? 1920இல் மேமி ஸ்மித் பாடிய 'க்ரேஸி ப்ளூஸ்' தட்டு நன்றாக விற்றதும், கறுப்பர்களும் காசு கொடுத்துத் தட்டு வாங்குவார்கள் என்று கம்பெனிக்காரர்களுக்கு உறைத்தது. உடனே கறுப்பர்களுக்கென்று 'ரேஸ் ரெக்கார்ட்ஸ்' என ஒரு பட்டியல் போட்டார்கள். ஏழை வெள்ளையரின் பாட்டுக்கு 'ஹில்பில்லி', அதாவது மலங்காட்டான் என்று இன்னொரு பட்டியல். ஊருக்கு ஒரு கிணறு, சேரிக்கு ஒரு கிணறு என்பது மாதிரி. ஊற்று ஒண்ணுதான், சுவர்தான் ரெண்டு.

ஊற்று ஒண்ணு என்று சும்மா சொல்லவில்லை. கன்ட்ரி இசையின் அடையாளமாகக் காட்டப்படும் பாஞ்சோவின் மூலம், ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகப் பிடித்துவரப்பட்டவர்களின் கருவி. கன்ட்ரியின் ஆதிக் குடும்பம் என்று கொண்டாடப்படும் கார்ட்டர் குடும்பத்துக்காக ஏ.பி. கார்ட்டர் ஊர் ஊராகப் பாட்டுச் சேகரித்தபோது கூடப் போனவர் லெஸ்லி ரிடில் என்ற கறுப்பர். சிமென்ட் ஆலை விபத்தில் காலை இழந்தவர். கார்ட்டர் சொற்களை எழுதிக்கொள்வார், மெட்டை ரிடில் மனசில் ஏற்றிக்கொண்டு வருவார். ஹேங்க் வில்லியம்ஸுக்குச் சிறுவயதில் பாட்டுக் கற்றுக்கொடுத்தவர் ரூஃபஸ் பெய்ன் என்ற கறுப்புத் தெருப்பாடகர். 'கன்ட்ரி இசையின் தந்தை' எனப்படும் ஜிம்மி ராஜர்ஸ் 1930 ஜூலை 16 அன்று ஹாலிவுட்டில் 'ப்ளூ யோடல் நம்பர் 9' பதிவு செய்தபோது ட்ரம்பெட் ஊதியவர் லூயிஸ் ஆம்ஸ்ட்ராங், பியானோ வாசித்தவர் லில் ஹார்டின். தட்டின் மேல் இருவர் பெயரும் இல்லை.

இதெல்லாமும் ஜோடிப் பாட்டுதான். ஜோடியில் ஒருத்தர் பேரை மட்டும் காணோம், அவ்வளவுதான்.

பேர் தெரிந்த கறுப்பருக்கு என்ன நடந்தது என்பதற்கு டிஃபோர்ட் பெய்லி சாட்சி. நாஷ்வில் நகரத்து 'கிராண்ட் ஓல் ஆப்ரி' வானொலி நிகழ்ச்சிதான் கன்ட்ரி இசையின் கோயில். 1927 டிசம்பரில் அந்தப் பெயர் முதன்முதலாக அறிவிக்கப்பட்ட ராத்திரியில், அதற்குச் சற்று முன் மவுத் ஆர்கன் வாசித்தவர் பெய்லி. சுற்றுப்பயணத்தில் கூட வாசித்த வெள்ளையர்கள் தங்கிய விடுதியில் அவருக்கு இடமில்லை, சாப்பிட்ட கடையில் சாப்பாடில்லை. 1941இல் பாட்டு உரிமைத் தகராறு ஒன்றைச் சாக்கிட்டு அவரை வெளியே அனுப்பினார்கள். நிகழ்ச்சியை நடத்திய ஜார்ஜ் ஹே 1945இல் எழுதும்போது, பெய்லி சோம்பேறி, புதுப் பாட்டுக் கற்றுக்கொள்ள மறுத்தார் என்று எழுதி, அதில் அவர் இனத்தையும் இழுத்துவிட்டார். பெய்லி நாஷ்விலிலேயே ஷூ பாலிஷ் கடை போட்டுப் பிழைத்தார். 1982இல் இறந்தார். கன்ட்ரி இசையின் புகழ்மண்டபத்தில் இடம் கிடைத்தது 2005இல். உசிரோட இருந்தவரைக்கும் கிடைக்கல.

இந்த ஆப்ரி நிகழ்ச்சியைச் சனிக்கிழமை ராத்திரிகளில் கேட்டு வளர்ந்த பையன்தான் ரே சார்ல்ஸ். 1930இல் ஜார்ஜியாவில் பிறந்து ஃப்ளோரிடாவில் வளர்ந்தவர். அம்மா ஊரார் துணி வெளுத்துப் பிழைத்தவர். ஏழு வயதுக்குள் ரேவுக்குப் பார்வை முழுதாகப் போய்விட்டது. சேர்க்கப்பட்ட இடம் செயின்ட் அகஸ்டினில் இருந்த காது கேளாதோர், பார்வையற்றோர் அரசுப் பள்ளி. அங்கேயும் வெள்ளைப் பிள்ளைகள் தனி, கறுப்புப் பிள்ளைகள் தனி. நிறத்தையே பார்க்க முடியாத குழந்தைகளை நிறம் பார்த்துப் பிரித்து வைத்தார்கள். நிறவெறி என்பது கண்ணில் இல்லை, அமைப்பில் இருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டியதில்லை.

ஆகவே ரே கன்ட்ரி பாடியதை 'எல்லை தாண்டினார்' என்று எழுதுவது தப்பு. அவருக்கு அது அந்நிய இசை இல்லை. வாலிபத்தில் ஃப்ளோரிடா ப்ளேபாய்ஸ் என்ற வெள்ளைக்காரக் கன்ட்ரிக் குழுவில் பியானோ வாசித்தவர்தான். பிறந்த வீட்டுக்குள் நுழைய அனுமதிச் சீட்டு கேட்டவர்கள் யார் என்பதே நம் கேள்வி.

இங்கே மூன்று ஆண்டுகளை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கணும். 1959இல் ஏபிசி-பாரமவுண்ட் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டபோது, மூலப்பதிவு நாடாக்கள் தனக்கே சொந்தம் என்று எழுதி வாங்கினார். கறுப்பர்களிடம் பாட்டை வாங்கிக்கொண்டு ஒரே தடவை கூலி கொடுத்து அனுப்பிப் பழகிய தொழிலில் இது பெரிய உடைப்பு. 1961இல் ஜார்ஜியாவின் அகஸ்டா நகரில் வெள்ளையருக்கு ஆட்டத்தளம், கறுப்பருக்கு மாடி என்று பிரித்து நடக்கவிருந்த நிகழ்ச்சியில், மாணவர்கள் எடுத்துச் சொன்னதும், பாட மறுத்தார். ஒப்பந்தத்தை மீறியதாக வழக்குப் போட்டு 757 டாலர் அபராதம் விதித்தார்கள். இதற்காக ஜார்ஜியா அவரைத் தடை செய்தது என்று 2004இல் வந்த 'ரே' படம் காட்டுவது கட்டுக்கதை. நடந்தது தடை இல்லை, அவருடைய மறுப்பு. ஒரு கறுப்பர் சுயமாக 'மாட்டேன்' என்று சொன்னதை, அரசு தண்டித்துப் பிறகு மன்னித்த கதையாக ஹாலிவுட் மாற்றிவிட்டது.

1962இல்தான் 'மாடர்ன் சவுண்ட்ஸ் இன் கன்ட்ரி அண்ட் வெஸ்டர்ன் மியூசிக்' வருகிறது. கம்பெனிக்காரர்களுக்குத் தயக்கம், நாடா அவர் கையில். அதில் டான் கிப்ஸன் எழுதிய 'ஐ கான்ட் ஸ்டாப் லவ்விங் யூ' பாட்டைக் கேளுங்கள். வயலின்களோடு ஒரு வழவழப்பான சேர்ந்திசைக் குழு வரியைப் பாடுகிறது; ரே பின்னாலிருந்து அந்த வரியை உடைத்து, இழுத்து, தேவாலயத்துக் குரலில் பதில் சொல்கிறார். ஒரு இடத்தில் பாடுகிறவர்களுக்கே உத்தரவு போடுகிறார். என்னைப் பொறுத்தவரை அவருடைய ஆகச்சிறந்த ஜோடிப் பாட்டு இதுதான். அமெரிக்கப் பொதுப்பட்டியலில் ஐந்து வாரம் முதலிடம். கன்ட்ரிப் பட்டியலில்? இடமே இல்லை. நாடே பாடிய கன்ட்ரிப் பாட்டு கன்ட்ரி இல்லையாம்.

இந்தப் பின்னணியில் 'ஃப்ரெண்ட்ஷிப்'பைக் கேட்டால் அதன் இனிமை வேறு மாதிரி படும். தயாரித்தவர் நாஷ்வில்லின் பில்லி ஷெரில். ஜார்ஜ் ஜோன்ஸ், ஜானி கேஷ், மெர்ல் ஹேகார்ட், வில்லி நெல்சன் என்று கன்ட்ரிப் பெருந்தலைகள் வரிசையாக வருகிறார்கள். பல பாட்டுகள் வெறும் கேலியும் தோள்தட்டலும்தான். ரே அடுத்த வீட்டு விருந்தாளி மாதிரி அடக்கி வாசிக்கிறார். நெல்சனோடு பாடிய 'ஸெவன் ஸ்பானிஷ் ஏஞ்சல்ஸ்' மட்டும் தப்பித்துவிட்டது. நெல்சனின் குரல் வறண்டது, பேச்சுப் போல வரியை முடித்துவிடும். ரேவின் குரல் முடிய மறுக்கும். பல்லவி திரும்பத் திரும்ப வரும்போது ஒரு துப்பாக்கிச் சண்டைக் கதை சாவு வீட்டுப் பாட்டாக மாறுவது ரேவால்தான். 1985இல் இது கன்ட்ரிப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. 1962இல் தனியாக வந்தவருக்குத் திறக்காத கதவு, பக்கத்தில் ஒரு வெள்ளைக் குரல் நின்றதும் திறந்தது. நெல்சன் மேல் எனக்குக் கோபமில்லை. அவர் நல்ல தோழர். கதவைப் பற்றித்தான் பேசுகிறேன்.

நம்ம ஆள் என்பதற்காக எதையும் மறைக்க வேண்டியதில்லை. 1981இல், கலைஞர்கள் தென்னாப்பிரிக்காவைப் புறக்கணிக்கக் கோரிக்கை இருந்த காலத்தில், ரே அங்கே போய்ப் பாடினார். அங்கிருந்த கறுப்பர்களே எதிர்த்தார்கள். 1984இல் ரீகனை வேட்பாளராக நிறுத்திய குடியரசுக் கட்சி மாநாட்டிலும் பாடினார். அகஸ்டாவில் மறுத்த வாய்தான் இங்கே பாடியது. 'ஃப்ரெண்ட்ஷிப்' வந்ததும் அதே 1984. ஆதிக்கம் நட்பு என்ற சொல்லை நன்றாகப் பயன்படுத்தத் தெரிந்துகொண்ட காலம் அது.

'ஜீனியஸ் லவ்ஸ் கம்பெனி'யில் நிலைமை தலைகீழ். இப்போது வீட்டுக்காரர் ரே, வருகிறவர்கள் விருந்தாளிகள். 2004 ஜூன் 10இல் அவர் இறந்தார். ஆகஸ்ட் 31இல் தட்டு வெளிவந்தது, ஸ்டார்பக்ஸ் காப்பிக் கடைகளிலும் விற்றார்கள். 2005இல் எட்டு கிராமி விருதுகள். விருதை வைத்து எடை போட முடியாது. பல பாட்டுகளில் வாத்தியக் கூட்டம் மெத்தை போட்டு வைத்திருக்கிறது. நோயாளிக் குரலின் கரகரப்பு அதில் புதைந்துபோகிறது. டயானா க்ராலுடன் பாடிய 'யூ டோன்ட் நோ மீ' 1962இல் தனியாகப் பாடிய அதே கன்ட்ரிப் பாட்டு. அன்றைக்கு இருந்த வலி இன்றைக்குக் காப்பிக் கடை வாசனையாகிவிட்டது. நோரா ஜோன்ஸுடன் பாடிய 'ஹியர் வீ கோ அகெய்ன்' பரவாயில்லை. அந்தப் பெண் கிழவருக்கு இடம்விட்டுப் பாடுகிறார்.

என்னைப் பிடித்து நிறுத்தியது பி.பி. கிங்குடன் பாடிய 'சின்னர்ஸ் ப்ரேயர்'. 1950களின் தொடக்கத்தில் ரே பதிவு செய்த பழைய ப்ளூஸ். கிங் மிசிசிப்பிப் பருத்திக்காட்டில் வேலை செய்து, டிராக்டர் ஓட்டி வந்தவர். இரண்டு பேரும் எழுபதைத் தாண்டியவர்கள். யாரும் யாருக்கும் கதவு திறந்துவிட வேண்டியதில்லை. யாரையும் பண்பாக்கிக் காட்டவும் வேண்டியதில்லை. கிங்கின் கிட்டார் ஒரு வார்த்தை பேசும், ரே ஒரு வார்த்தை சொல்வார், நடுவில் மௌனம் இருக்கும். 'இசைக்கு நிறமில்லை' என்று இதைப் பற்றி யாரும் எழுதமாட்டார்கள். எழுத முடியாது.

2019இல் லில் நாஸ் எக்ஸ் என்ற கறுப்பு இளைஞனின் 'ஓல்ட் டவுன் ரோட்' பாட்டைக் கன்ட்ரிப் பட்டியலிலிருந்து பில்போர்ட் பத்திரிகை நீக்கியது. பில்லி ரே சைரஸ் என்ற வெள்ளைப் பாடகர் கூடச் சேர்ந்து பாடினார். பொதுப்பட்டியலில் 19 வாரம் முதலிடம். கன்ட்ரிப் பட்டியலுக்குள் அப்பவும் திரும்ப விடல. ரே சார்ல்ஸ் கன்ட்ரி இசைப் புகழ்மண்டபத்துக்குத் தேர்வானது 2021இல், செத்துப் பதினேழு வருஷம் கழித்து.

சேர்ந்து பாடுவது வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சேர்ந்து பாடினால் சமத்துவம் வந்துவிடும் என்று சொல்கிறவர்களிடம் மூன்று கேள்வி கேளுங்கள். பேர் அட்டையில் இருக்கா? நாடா யார் கையில்? தனியா வந்தா கதவு திறப்பாங்களா? ரே சார்ல்ஸ் முதல் இரண்டையும் சண்டை போட்டு வாங்கிவிட்டார். மூன்றாவது கேள்விக்கு அவர் உயிரோடு இருந்தவரை பதில் கிடைக்கவில்லை.