கன்னேரியின் தண்ணீர்க் கலை

மும்பையின் மாட்டுங்கா ரோடில் ஸ்லோ ரயில் பிடித்து போரிவலியில் இறங்கினால், சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா பக்கம்தான். அங்கே வாடகைக்கு சைக்கிள் கிடைக்கும். காட்டுச் சாலையில் சுமார் 6 கிலோமீட்டர் மிதிக்க வேண்டும். கடைசி ஏற்றம் தொடையைப் பதம் பார்த்துவிடும்.

அந்த ஏற்றத்தின் முடிவில் கன்னேரி: கரும்பாறைக் குன்றைக் குடைந்து நூற்றுக்கும் மேற்பட்ட பௌத்தக் குகைகள். வருகிறவர்கள் 3ஆம் குகையின் சைத்தியம் எனும் வழிபாட்டுக் கூடத்தையும், அதன் முகப்பில் ஏறக்குறைய 7 மீட்டர் உயரத்தில் நிற்கும் புத்தர்களையும் படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். விவரம் தெரிந்த வழிகாட்டி நம்மைக் குனிந்து பார்க்கச் சொல்வார். பாறைமேல் விழும் மழையை வழிநடத்தும் மெல்லிய வாய்க்கால்கள், துறவிகள் தங்கிய பல விகாரைகளின் வாசலருகே வெட்டிய தொட்டிகள். மலையையே கூரையாகவும் குடமாகவும் ஆக்கியிருக்கிறார்கள்.

கல்யாண், சோபாரா வணிகர்கள் கொடுத்த கொடைகளைக் கல்வெட்டுகள் சொல்கின்றன. தொட்டி வெட்டித் தருவதும் புண்ணியமாக இருந்தது. தாராவியில் குழாயடியில் குடத்தோடு நின்றவர்களுக்கு அந்தப் புண்ணியத்தின் கனம் நன்றாகவே புரியும். சிலைகளை அண்ணாந்து ரசிக்கலாம். இந்த வாய்க்கால்களின் உளிக்கோடுகளைக் குனிந்துதான் ரசிக்க வேண்டும். திங்கள்கிழமை மட்டும் போகாதீர்கள், பூங்காவுக்கு விடுமுறை.