சனிக்கிழமை ஆறு மணி

அம்பத்தூர் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள சிறு சபைகள் பலவற்றில் வெள்ளிக்கிழமை முழு இரவு ஜெபம் உண்டு. பத்து மணிக்குப் பாட்டோடு தொடங்கும். இரண்டு மணிக்கு பிளாஸ்கில் டீ வரும். பாயில் தூங்கும் பிள்ளைகளை ஓரமாக நகர்த்திவிட்டு மறுபடி முழங்காலில் நிற்பார்கள். விடியற்காலையில் முடித்து, சிலர் அப்படியே ஷிப்டுக்குப் போவார்கள். சோதனை வருவதற்கு முன்பே ஜெபத்தில் பலப்பட வேண்டும் என்பதே நோக்கம். விழித்திருந்து ஜெபிக்கும்படி கெத்செமனே தோட்டத்தில் இயேசு சொன்னதுதான் ஆதாரம் (மத்தேயு 26:41).

இந்த வழக்கத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. வேறெங்கும் வாய் திறக்காத ஆண்கள் ஆவடி, பூந்தமல்லி வீட்டுக்கூட்டங்களில், "என்னால விட முடியல, எனக்காக ஜெபிச்சுக்குங்க" என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். சொன்ன நிமிடமே பாதி பாரம் இறங்கிவிடுகிறது. உபவாசமும் வீண் இல்லை. பசித்தவுடன் சாப்பிட்டே ஆக வேண்டும் என்றில்லை என்பதை உடம்பு அதில் கற்றுக்கொள்கிறது.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. சோதனை என்றால் நமக்குக் கடனும் சோதனை, காய்ச்சலும் சோதனை, ஆசையும் சோதனை. கிரேக்க மூலத்திலும் கஷ்டத்துக்கும் ஆசைக்கும் ஒரே சொல்தான். ஆனால் நம் ஜெபக்குறிப்புகளில் கடனும் காய்ச்சலும் இடத்தைப் பிடித்துக்கொள்ள, ஆசை கடைசி வரிக்குப் போய்விடுகிறது. விழித்திருப்பது என்பதையும் தூங்காமல் இருப்பது என்று சுருக்கிவிட்டோம். காவல்காரன் கண் மூடாமல் இருந்தால் மட்டும் போதுமா? திருடன் எந்தச் சுவர் ஏறுவான் என்று அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எனக்குத் தெரிந்த லேத் பட்டறை அண்ணன் ஒருவருக்குச் சனிக்கிழமை சாயங்காலம் வாரக்கூலி. வெள்ளி இரவெல்லாம் கண்ணீரோடு ஜெபிப்பார். மறுநாள் பகலெல்லாம் மெஷின் முன்னால் நிற்பார். ஆறு மணிக்குக் கையில் பணத்தோடு டாஸ்மாக் மதுக்கடை இருக்கும் தெரு வழியாக நடப்பார். 40 நாள் உபவாசத்துக்குப் பின், இயேசு பசித்திருந்த நேரம் பார்த்து, அப்பத்தைக் காட்டித்தான் சோதனைக்காரன் வந்தான். உபவாசம் இருந்தவரிடம் சோதனை நெருங்காது என்று மத்தேயு எழுதவில்லை. அண்ணனை அவருடைய மிகக் களைத்த நாளில் அந்தக் கடை வாசலில் கொண்டுபோய் நிறுத்தியது நம்முடைய முழு இரவு ஜெபம்தான்.

விழுந்த பிறகு சபையில் அவர் கேட்ட வார்த்தை அதைவிடக் கொடுமை: "ஜெபம் பத்தல." அடுத்த மூன்று வாரம் அவர் சபைப் பக்கமே வரவில்லை. தூங்கிப்போன சீஷர்களிடம் இயேசு, மனமிருந்தும் உடம்பு தாங்காது என்பதை ஒப்புக்கொண்டல்லவா பேசினார்?

வீட்டுக்கூட்டம் நடத்தும் அக்கா ஒருவர்தான் அவரைத் தேடிப் போனார். "தம்பி, எத்தனை மணிக்கு வேலை முடியும்? எந்த வழியா வீட்டுக்கு வர்றீங்க?" என்று கேட்டார். வெள்ளி இரவு வீட்டிலேயே தூங்கச் சொன்னார். சனிக்கிழமை ஆறு மணிக்கு போனில் இரண்டு நிமிட ஜெபம். அந்தத் தெருவுக்காக, அந்தப் பணத்துக்காக. மனைவி பட்டறை வாசலுக்கே வந்து கூலியை வாங்கிக்கொள்வார். இருவரும் வேறு வழியாக நடந்து வீடு சேர்வார்கள்.

தேவனை நம்பாமல் மனுஷ யோசனையை நம்புகிறார்கள் என்று சிலர் முணுமுணுத்தார்கள். எருசலேமின் மதிலைக் கட்டியபோது நெகேமியா ஜெபமும் பண்ணினார், இரவும் பகலும் ஜாமக்காரரையும் நிறுத்தினார் (நெகேமியா 4:9). அவரை விசுவாசம் குறைந்தவர் என்று யாரும் சொன்னதில்லை.

அதற்குப் பிறகும் அண்ணன் இரண்டு முறை குடித்தார். இரண்டு முறையும் அன்றிரவே அக்காவுக்கு போன் போட்டுச் சொல்லிவிட்டார்.